பல்லாவரத்துச் சரளைக் குழியும் நம் பிள்ளைகளின் கேள்வியும்



மூன்று ஞாயிறுகளுக்கு முன், ஆராதனை முடிந்து சபையார் வெயிலில் இறங்கிக்கொண்டிருந்த வேளையில், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் சபைப் பையன் ஒருவன் அலுவல் அறை வாசலில் எனக்காகக் காத்திருந்தான். "ஐயா, அதிரம்பாக்கத்துல எடுத்த கல்லாயுதத்துக்குப் பதினஞ்சு லட்சம் வருஷம்னு எங்க சார் நடத்துனாங்க. தாத்தா, உலகத்துக்கே ஆறாயிரம் வருஷம்தான்னு சொல்றாங்க. எதுங்கய்யா சரி?" என்றான். அவனுடைய தாத்தா சற்றுத் தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பேசுவோம் என்று அவனை அனுப்பிவிட்டேன். தப்பித்துக்கொள்வதற்காக அப்படிச் சொல்லவில்லை. ஏறத்தாழ இதே கேள்வியை இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் இளம் போதகனாக இருந்தபோது, ஒரு பையன் கேட்டான். பழைய கற்காலம் என்று பள்ளியில் படிக்கிறோமே, அது ஆதாமுக்கு முந்தியதா என்பது அவனுடைய கேள்வி. வேதத்தைச் சந்தேகிக்கும் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் அதன் பிறகு வரவில்லை. அவன் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை என்பதே என் கோபத்தின் காரணம். அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஆகவே இவ்வார தியானத்தில், இந்தத் தேசத்து மண்ணிலிருந்து அத்தகைய கல்லொன்றை முதன்முதலாக அடையாளம் கண்டு எடுத்த மனிதரைப் பற்றி உங்களுக்கு எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் மணந்தது ஒரு மிஷனரியின் மகளை. அதுவும் சாதாரண மிஷனரி அல்லர். தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் பெரும் பங்கு கொண்டவர். அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தார். இருபத்துநான்கு வயதில், 1858 டிசம்பரில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை இராஜதானிக்கு வந்தார். அத்துறை அப்போது ஏழு வயதுக் குழந்தை. நிலக்கரியும் கனிமங்களும் எங்கே கிடக்கின்றன என்று அரசுக்குச் சொல்வதே அதன் முதல் வேலை. ஆகவே மழைக்காலம் நீங்கிய மாதங்களில் கூடாரமும் சுத்தியலுமாக ஊர் ஊராகச் சென்று பாறைகளைப் பார்த்து வரைபடம் தீட்டுவார்கள். ஃபூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் சேலம், திருச்சி, தஞ்சை, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் சில பகுதிகளைப் பற்றி எழுதிய நிலவியல் அறிக்கை 1864இல் வெளிவந்தது. அந்நாளில் நம் திருவண்ணாமலை தென் ஆர்க்காட்டைச் சேர்ந்தது என்பதை இளையோருக்கு நினைவூட்டுகிறேன். அவர் நம் வேங்கிக்கால் ஏரிக்கரையில் நடந்தார் என்று சொல்லி உங்களை மகிழ்விக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஆதாரமில்லாததை ஆலயத்தின் பெயரால் எழுதலாகாது.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், ஒரு சனிக்கிழமை. இன்றைய சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரத்தில் அப்போது இராணுவப் பாளையம் இருந்தது. அணிவகுப்பு மைதானத்தருகே சரளை வெட்டிய ஒரு குழி. வெட்டி மேலே எறியப்பட்ட செம்புரைக்கல் குப்பையில் ஃபூட்டின் கண்ணில் ஒரு கல் பட்டது. குவார்ட்சைட் என்னும் கடினமான கல். அது தானாக உடைந்ததன்று, ஒரு கை அதை உடைத்திருக்கிறது என்று அவர் கண்டார்.

எப்படிக் கண்டார் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பலரும் இங்கேதான் ஐயப்படுகிறார்கள். ஆற்றில் உருண்டு உடைந்த கல்லின் உடைவு எப்படியும் இருக்கும். மனிதன் உடைத்த கல் அப்படி இராது. கூழாங்கல் ஒன்றின் விளிம்பில் மற்றொரு கல்லால் ஓங்கித் தட்டினால், அடிபட்ட இடத்திலிருந்து சிப்பியின் உட்புறத்தைப் போன்ற குழிவை விட்டுவிட்டு ஒரு சில்லு பெயர்ந்து விழும். கல்லைத் திருப்பி மறுபுறம் தட்ட வேண்டும். மீண்டும் திருப்ப வேண்டும். இவ்வாறு மாறி மாறிப் பெயர்த்தால் இருபுறமும் ஒத்த வடிவில், ஒரு முனை கூர்ந்து, மறுமுனை கைக்கு அடங்கும்படி ஒரு கருவி உண்டாகும். இதையே கைக்கோடரி என்கிறார்கள். உருளும் கல் தற்செயலாக ஒரு சில்லை இழக்கலாம். இருபது முப்பது சில்லுகளை ஒரே வடிவம் நோக்கி வரிசையாக இழக்காது. நம் வீட்டு அம்மிக்கல்லில் உளிபட்ட தடத்தையும், ஆற்றங்கரைப் பாறையில் நீர் அரித்த தடத்தையும் நாம் பிரித்தறிவதில்லையா? அதே அறிவுதான் இது.

அந்தக் குழியை வெட்டி அக்கல்லை வெளியே எறிந்த கூலியாட்களின் பெயர் எந்த அறிக்கையிலும் வரவில்லை. மண்வெட்டி பிடித்தவர்களின் மகனும் பேரனும் நம் சபையில் அநேகர் இருப்பதால் இதை ஒரு வரி எழுதாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

ஃபூட் அத்துடன் நின்றிருந்தால், ஒருவேளை நாம் அவரை மறந்திருப்போம். வெட்டி எறியப்பட்ட குப்பையிலிருந்து எடுத்த கல், அது எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்? யாரோ பிற்காலத்தில் போட்டதாகவும் இருக்கலாமே? கண்டதைக் கண்ட மட்டிலும் சொல்வது என்ற ஒழுக்கம் அவரிடம் இருந்தது. ஆகவே அவரும் கிங்கும் தேடினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசத்தலை ஆற்றுப் பகுதியிலுள்ள அதிரம்பாக்கத்தில், மழைநீர் அறுத்த ஓடைக்கரைகளில், கலையாத மண்ணடுக்குக்குள்ளேயே கல்லாயுதங்கள் பதிந்திருக்கக் கண்டார்கள். ஃபூட்டின் கட்டுரை 1866இல் சென்னையின் இலக்கிய, அறிவியல் இதழில் வெளிவந்தது. 1868இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கூடிய அறிஞர் மாநாட்டில் தென்னிந்தியாவின் கற்கருவிகள் பேசப்பட்டன.

பிரியமானவர்களே, இந்தக் கல் ஏன் அத்தனை பேரைக் கலங்கச் செய்தது என்று விளங்க, ஃபூட்டுக்கு முந்திய காலத்து ஐரோப்பாவுக்கு நீங்கள் என்னோடு வர வேண்டும்.

அயர்லாந்தின் ஆர்மா நகரத்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். வேதத்தின் வம்ச அட்டவணைகளையும் பாபிலோன், பாரசீக அரசர்களின் ஆண்டுகளையும் கூட்டிக் கழித்து, சிருஷ்டிப்பு கி.மு. 4004 அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்தது என்று கணக்கிட்டார். அவரை ஏளனம் செய்வது இன்று எளிது. அவரோ தம் காலத்தில் கிடைத்த சான்றுகள் அனைத்தையும் கற்ற பேரறிஞர். தவறு அதன் பிறகு நேர்ந்தது. 1701 முதல் ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அந்த ஆண்டுக்கணக்கை அச்சிடத் தொடங்கினார்கள். ஓரத்தில் இருந்தது ஒரு மனிதரின் கணக்கு. நடுவில் இருந்தது வசனம். தலைமுறைகள் செல்லச் செல்ல விசுவாசிகளின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. நம் தாத்தாமார் சொல்லும் ஆறாயிரம் ஆண்டு என்பது பெரும்பாலும் இந்த ஓரக்குறிப்பின் வழியாக, மிஷனரிமாரின் மூட்டைகளில் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததே.

இன்னொரு வரலாறும் உண்டு. இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. இங்கிலாந்தின் டார்க்கீ நகரருகே கென்ட்ஸ் கேவர்ன் என்றொரு குகை இருக்கிறது. 1825 முதல் 1829 வரை ஜான் மெக்கெனெரி என்னும் கத்தோலிக்கக் குருவானவர் அதை அகழ்ந்தார். குகைத் தரையில் சுண்ணாம்புநீர் சொட்டி இறுகிய கெட்டிப் படலத்துக்கு அடியில், உலகிலிருந்தே அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செய்த கல்லாயுதங்களும் கிடந்தன. அப்படியானால் மனிதன் அந்த விலங்குகள் வாழ்ந்த காலத்திலேயே வாழ்ந்திருக்க வேண்டும். அந்நாளின் தலைசிறந்த நிலவியலாளர் வில்லியம் பக்லண்ட். அவரும் ஒரு குருவானவரே. பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவானார். அது இருக்க முடியாது, பிற்காலத்து மனிதர் படலத்தைக் குடைந்து அடுப்பு அமைத்தபோது அந்தக் கற்கள் கீழே விழுந்திருக்கும் என்று அவர் மறுத்தார். அப்படிக் குடைந்த அடையாளம் எதையும் மெக்கெனெரி காணவில்லை. ஆனாலும் பெரியவரின் சொல்லுக்கு முன் அவர் அடங்கிவிட்டார். தாம் கண்டதை அச்சிடாமலே 1841இல் மரித்தார்.

பக்லண்டைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமன்று. குகைகளிலுள்ள எலும்புப் படிவங்கள் நோவா காலத்துப் பிரளயத்தின் சான்று என்று 1823இல் நூல் எழுதியவர், பின்னர் அக்கருத்து நிற்காது என்று கண்டு 1836இல் தம் மற்றொரு நூலில் அதைப் பகிரங்கமாகக் கைவிட்டார். அத்தனை நேர்மையுள்ளவரே ஓர் எளிய குருவானவரின் வாயை அடைத்துவிட்டார். நல்லவர்களும் இதைச் செய்கிறோம்.

உண்மை காத்திருந்தது. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுங்க அதிகாரியாயிருந்த பூஷே தெ பெர்த் என்பவர் ஆண்டுக்கணக்கில் கல்லாயுதங்களைச் சேகரித்து, கேட்பாரில்லாமல் இருந்தார். 1859இல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து, அவர் சொன்னது மெய் என்று இலண்டனில் அறிவித்தார்கள். டார்வினின் புகழ்பெற்ற நூல் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. இச்செய்திகளைப் படித்தபின் ஃபூட்டின் கண்கள் சென்னை இராஜதானியின் சரளைக் குழிகளை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கின. நான்கே ஆண்டுகளில் பல்லாவரம்.

இனி அந்த மாமனாரைப் பற்றி. வெஸ்லியன் மிஷனரியாக 1826இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர் பீட்டர் பெர்சிவல். வேதாகமத்தை நல்ல தமிழில் பெயர்க்க வேண்டும் என்று அவர் எண்ணியபோது, தம் பள்ளியில் பயின்று பின் அங்கேயே ஆசிரியரான ஆறுமுக நாவலரைத் துணை கொண்டார். சைவத்தில் ஊன்றிய ஓர் அறிஞரும் ஒரு கிறிஸ்தவப் போதகரும் ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் அமர்ந்து வேத வசனங்களின் தமிழை நயம்பார்த்தார்கள். அந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சென்னைக்குக் கொண்டுவந்தபோது மழவை மகாலிங்கையர் அதன் நடையை மெச்சினார் என்பது தமிழ் இலக்கிய வரலாற்றில் யாவரும் அறிந்ததே. 1850இல் அது அச்சாயிற்று. நாவலர் தம் வழியே சென்று சைவத்துக்குத் தொண்டு செய்தார். தாம் சைவர் என்பதை ஒருநாளும் அவர் மறைத்ததில்லை, பெர்சிவலும் அதை அறிந்தே அவரை நாடினார். பெர்சிவல் பின்பு ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்து சென்னைக்கு வந்து, தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தி, மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார்.

இப்படிப்பட்டவரின் மகளைத்தான் ஃபூட் மணந்தார். ஒரே குடும்பத்தில் ஒருவர் வேத வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவர். மற்றவர் நிலத்தின் ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பார்த்தவர். அவர்கள் உணவு மேசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் அடிக்கடி கற்பனை செய்வதுண்டு. ஆதியாகமத்தை எபிரெயத்திலிருந்து தமிழாக்கும்போது சொல்லுக்குப் பொருள் தேடித் தேடிக் களைத்தவருக்கு, ஓரக்குறிப்பு வேறு, வசனம் வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திராது.

ஃபூட்டின் பிற்காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கர்னூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளை 1880களில் அவரும் இராணுவ அதிகாரியான அவருடைய மகன் ஹென்றியும் அகழ்ந்தார்கள். பெல்லாரிப் பக்கத்தில் மலைபோல் கிடந்த சாம்பல் மேடுகள், பண்டை மேய்ப்பர்கள் சேர்த்து எரித்த மாட்டுச் சாணமே என்று விளக்கினார். பொன் விளையும் பாறைத் தொகுதிக்குத் தார்வார் என்று பெயரிட்டவரும் அவரே. 1891இல் ஓய்வுபெற்று, பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் பணி செய்தார். நானூறுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து நாற்பது ஆண்டுகளாகச் சேகரித்த கற்கருவிகளும் பானையோடுகளும் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் விளக்க அட்டவணை அவர் மரித்தபின் 1914இலும் 1916இலும் அச்சாயிற்று.

அவர் தவறியதும் உண்டு. செம்புரைக்கல் படிவம் கடலடியில் உண்டானது என்று எண்ணினார். பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே இத்தேசத்தில் நீண்ட வெறுமை இருந்தது என்றார்; அந்த வெறுமையும் பின்னர் நிரம்பியது. ஆனால் ஒவ்வொரு கல்லும் எங்கே, எந்தப் படிவத்தில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்திருந்தபடியால், அவருடைய தவறுகளையே அவருடைய குறிப்புகளைக் கொண்டு திருத்த முடிந்தது.

அதிரம்பாக்கத்தின் வயதை ஃபூட் அறியார். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே மீண்டும் அகழ்ந்தது. வானிலிருந்து வரும் கதிர்களால் கல்லில் உண்டாகும் சில அணுக்கள், கல் மண்ணுக்குள் புதைந்தபின் குறிப்பிட்ட வேகத்தில் குறைந்துகொண்டே போகும். எஞ்சியதை அளந்தால் அது எத்தனை காலம் புதைந்திருந்தது என்று சொல்லலாம். மண்ணில் உறைந்திருக்கும் பூமியின் காந்தத் திசையையும் சேர்த்துப் பார்த்து, 10 லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது, சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். அந்தப் பையனின் ஆசிரியர் சொன்ன கணக்கு இதுவே. அக்கருவிகளைச் செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் எத்தகைய மனிதர் என்பது பற்றி அவசரப்பட்டுப் பேசுவோரிடம், அவர் எந்தப் பக்கத்தவராயினும், எச்சரிக்கையாயிருங்கள்.

ஃபூட் 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவருடைய அஸ்தி ஏற்காட்டின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் இருக்கிறது. பெர்சிவலும் 1882இல் ஏற்காட்டில்தான் மரித்தார். நம் ஊரிலிருந்து செங்கம், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம் போய் மலையேறினால் ஒரே நாளில் சென்று திரும்பிவிடலாம். கோடைக்கு ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டு வருகிறீர்கள். அந்த ஆலயத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

அந்தப் பையனுக்கு மறுவாரம் விடை சொன்னேன். உன் ஆசிரியர் சொன்னதைத் தேர்வில் எழுது. அது கவனமாக அளந்து கண்ட கணக்கு. ஆறாயிரம் என்பது வேதத்தின் நடுவில் இல்லை, ஓரத்தில் ஒருவர் எழுதியது. வானத்தையும் பூமியையும் படைத்தவர் யார் என்பதை ஆதியாகமம் சொல்கிறது. ஆண்டுக்கணக்கை அது சொல்லவில்லை. யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை கில்காலில் நாட்டியபோது, பின்நாளில் பிள்ளைகள் இந்தக் கற்கள் என்ன என்று கேட்பார்கள் என்று யோசுவா எதிர்பார்த்தார். கேட்டால் கடிந்துகொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை, விடை சொல்லுங்கள் என்றார். இவ்வளவும் தாத்தாவை அருகில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றீங்க, கேட்டுக்கிறேன் ஐயா. எனக்கு எங்கப்பா சொன்னது போதும்" என்றார். அவரோடு எனக்கு வழக்கில்லை. அவருடைய ஜெபத்தினால் தாங்கப்பட்டவன் நான்.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் நான் கடிந்துகொண்ட அந்தத் தம்பியின் தொலைபேசி எண்ணை அவருடைய அக்காவிடம் கேட்டு வாங்கிச் சென்ற வியாழக்கிழமை பேசினேன். இப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. அந்த ஞாயிறு நான் அணிந்திருந்த அங்கியின் நிறம்வரை அவருக்கு நினைவிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. "இதுக்காகவா ஐயா கூப்பிட்டீங்க?" என்றார்.

வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் சனிக்கிழமை. ஃபூட் சேகரித்த கற்களைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். வண்டி காலை 5 மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்படும். மதிய உணவு கட்டிக்கொண்டு வர வேண்டும். பெரியவர்களுக்கும் சில இருக்கைகள் உண்டு. தாத்தா பெயர் கொடுத்துவிட்டார்.